தட்டுகோலான் தன்னைத் தட்டிப் பார்த்த காதை

வாழ்க, வெண்பீங்கான் நாட்டின் விரிசலறி வேந்தன். வாழ்க அவன் வலக்கையில் மிளிரும் அரையடி மரத் தட்டுகோல். நாளொன்றுக்கு மூவாயிரம் கோப்பைகளை ஒவ்வொன்றாய்ச் செவியருகே ஏந்தி, விளிம்பில் மெல்லத் தட்டி, ‘டிங்’ என்று பாடியதை உலகுக்கு அனுப்பியும், ‘டொக்’ என்று முனகியதை உடைகுழிக்கு அனுப்பியும், பதினாறாண்டு காலம் மாந்தர்தம் விரல்களையும் மடிகளையும் கொதிதேநீரினின்று காத்தருளிய காவலன். தொழிற்சாலைத் தோழர்களால் ‘டொக்கு’ என்று அன்போடும் சிலவேளை அன்பில்லாமலும் அழைக்கப்பட்ட அண்ணல். அத்தகையோன் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், பகைவர் எவரும் தூண்டாமல், கோள் எதுவும் இடம் மாறாமல், தன் சொந்தக் கையாலேயே தன்னைக் கழித்துக் கட்டிய வரலாற்றையும், அதனின்று மீள மனநல ஆலோசகர் ஒருவரை இணையப் பெருங்கடலில் தேடி அலைந்த அவலத்தையும் இனி உரைப்போம்.

காவியம் தொடங்குவோர் முதலில் அவையடக்கம் கூறுதல் மரபு. இங்கே அது வேண்டியதில்லை. அடக்கத்தில் நம் நாயகனை விஞ்ச இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும். பேருந்தில் தன் காலை மிதித்தவரிடம், கால் அங்கே இருந்ததற்காக மன்னிப்புக் கேட்டவன் அவன். தானியங்கிக் கதவு திறக்காவிட்டால் அதைப் பழுதென்று கருதாமல், தன் உருவம் அதற்குப் போதவில்லை போலும் என்று ஒதுங்கி நின்று, அடுத்து வருபவரின் நிழலில் நுழைபவன்.

நிகழ்ந்தது இதுதான். அத்தொழிற்சாலையில் முத்திரைகள் மூன்று. பச்சையில் ‘தேறியது’, நீலத்தில் ‘இரண்டாம் தரம்’, சிவப்பில் ‘கழிவு’. தலைமைப் பரிசோதகர் ஓய்வு பெற்றுப் போய்விட்டபடியால் அவ்வரியணை காலியாகக் கிடந்தது. அதில் அமர விழைவோர் தன்மதிப்பீட்டுப் படிவத்தில் தத்தம் சிறப்புகள் மூன்றை மூன்று கட்டங்களில் எழுதித் தருக என்பது மேலிடத்து ஆணை. நாயகன் படிவத்தை விரித்தான். முதற்கட்டத்தைப் பார்த்தான். முதற்கட்டம் அவனைப் பார்த்தது. முப்பது நிமிடம் நீடித்த அக்கண்போரில் இருவரும் இமைக்கவில்லை. தேநீர் மணி அடித்ததும் அவன் எழுந்து போனான். திரும்பி வந்தபோது, போருக்கான காரணத்தைக் கை மறந்திருந்தது. மேசையில் கிடப்பது மற்றுமொரு சரக்குச் சீட்டென்றே கண் கொண்டது. விவரம் நிரப்பாத சீட்டு கழிவெனக் கொள்க என்பது பரிசோதனை விதி. செம்முத்திரை இடியென விழுந்தது. முத்திரையுள் பரிசோதித்தவர் என்ற இடத்தில் அவன் கையொப்பம். பரிசோதிக்கப்பட்ட சரக்கின் எண் என்ற இடத்தில், படிவத்தின் தலைப்பில் கண்ட அவனுடைய பணியாளர் எண், நானூற்றுப் பதினேழு.

சீட்டு கணினிப் பிரிவுக்குப் போயிற்று. அங்கே எதையும் படிக்காமல் உள்ளிடுவதில் வல்லவரான எழுத்தர் ஒருவர், நானூற்றுப் பதினேழைக் கழிவுப் பட்டியலில் ஏற்றினார். மறுநாள் காலை, ஊழியர் வாயிலின் இயந்திரத்தில் நாயகன் தன் அட்டையைக் காட்ட, பதினாறாண்டாகப் பச்சை விழி திறந்த அவ்வியந்திரம் செவ்விழி திறந்தது. வேறொருவன் என்றால் இயந்திரத்தைத் தட்டியிருப்பான். தட்டுவதையே தொழிலாகக் கொண்டவன் தட்டவில்லை. ஓரமாக நின்று, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டான்.

அரைமணி கழித்து வாயிற்காவலர் வந்தார். “என்னண்ணே, வெளியவே நிக்கிறீங்க?”

“கதவு வேணாங்குதுப்பா.”

“கார்டைத் துடைச்சிட்டுக் காட்டிப் பாத்தீங்களா?”

“அது சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

காவலர் அவனைப் பக்கவாசல் வழியே இட்டுச்சென்று மனிதவள அதிகாரி அம்மையாரின் முன் நிறுத்தினார். அம்மையார் கணினியைப் பார்த்தார், செம்முத்திரை விழுந்த படிவத்தைப் பார்த்தார், பின் நாயகனைப் பார்த்தார்.

“உங்களைக் கழிச்சது யாரு?”

“நான்தான் மேடம்.”

“ஏன்?”

“காலியா இருந்துச்சு மேடம்.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எத்தனையோ ஊழியர் எத்தனையோ பொய் சொல்லக் கேட்ட செவிகள் அவை; மெய் கேட்டுப் பழக்கமில்லை. “புதுசா ஒரு ஃபாரம் அனுப்புறேன். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மெயில்ல வந்திரணும். அதுக்கு முன்னாடி யாராவது ஆலோசகர்கிட்ட பேசுங்க. இப்பதான் ஆன்லைன்லயே கிடைக்கிறாங்களே.”

நாயகன் வாயில்வரை சென்று திரும்பினான். அவன் உள்ளத்தில் நெடுநாளாய் உறங்கிய வினா ஒன்று அன்றுதான் வாய்க்கு வந்தது. “மேடம், அந்த வேலைக்கு நான் தேறுவேனா?”

“அதை நீங்கதான் சொல்லணும்” என்றார் அம்மையார். கேள்வியைக் கேட்டவனிடமே திருப்பிக் கொடுக்கும் கலையில் அவர் பட்டயம் பெற்றவர்.

இவ்விடத்தில் எதிர்நாயகனைப் பாடாது போனால் காவிய இலக்கணம் நம்மை மன்னியாது. அடுத்த மேசைப் பரிசோதகன். இயற்பெயர் எல்லாருக்கும் மறந்துபோய்ப் ‘பரவாயில்லை’ என்ற விருதுப்பெயரால் விளங்குபவன். காது உடைந்த கோப்பையோ கழுத்து வெடித்த கூஜாவோ அவன் முன் வந்தால், “பரவாயில்ல, போகட்டும்” என்று பச்சை முத்திரை குத்தும் கருணைக்கடல். அவன் தட்டுகோல் அவன் முதுகு சொறிய மட்டும் பயன்பட்டது. அவனுடைய படிவத்திலோ மூன்று கட்டங்கள் போதாமல், கூடுதலாக நான்கு தாள்களில் சிறப்புகள் பதினொன்று பொங்கி வழிந்தன. ஒன்பதாவது சிறப்பு, தன்னடக்கம். சனிக்கிழமை ஐந்து மணிக்குள் நாயகன் படிவம் அனுப்பாவிடில் அரியணை அவனுக்கே. அதன்பின் உலகத்துத் தேநீர் எல்லாம் உலகத்து மடிகளில்.

வீடு திரும்பிய வீரனை வரவேற்றவை அவனால் காக்கப்பட்ட அகதிகள். ஆம், அடுக்களை அலமாரி முழுதும் இரண்டாம் தரக் கோப்பைகள்: பிடி சாய்ந்தது, வாய் கோணியது, பூவில் ஓரிதழ் விடுபட்டது, தரையில் வைத்தால் ஒரு பக்கமாய் ஆடியது. விலைபோகாமல் தேங்கி உடைகுழிக்குப் போக இருந்தவற்றை ஊழியர் எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகையை, பதினாறாண்டில் வேறெவரும் இத்தனை உருக்கத்தோடு பயன்படுத்தியதில்லை. இவ்விடம் புலவர்கள் ஓர் உவமையைக் கண்டு துள்ளக்கூடும். துள்ள வேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நாயகனுக்கு அது தோன்றவேயில்லை. பாவமாக இருந்தது, எடுத்து வந்தான், அவ்வளவே.

அவன் இல்லாள் பள்ளி வேன் ஓட்டுபவள். நெரிசல் கிழிக்கும் சாரதி. பதினெட்டுக் குழந்தைகளின் கூச்சலைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் வரும் லாரியைப் பார்வையாலேயே ஒதுங்கச் செய்பவள். நடந்ததைக் கேட்டவள் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

“உங்களை நீங்களே கழிச்சீங்களா?”

“பழக்க தோஷம்.”

“சரி, அவங்க சொன்ன மாதிரி யாரையாவது பாருங்க.”

“நான் தேறுவேனா?”

“பால் பொங்குது, தள்ளுங்க” என்றாள். உண்மையிலேயே பால் பொங்கியது.

அன்று மாலை வந்திருந்த மைத்துனன்பால் அதே வினா ஏவப்பட்டது. அவன் சற்றும் தயங்கவில்லை. “நீங்க தேறாம வேற யாரு மாமா தேறுவா? நீங்க சிங்கம் மாமா.”

நாயகன் சிறிது யோசித்தான். “வண்டி வேணுமா மச்சான்?”

“ஞாயித்துக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் மாமா.”

இவ்வாறு மானிட உலகம் கைவிட்டபடியால் நாயகன் செல்பேசியைக் கையில் ஏந்தி, மனநலச் செயலி என்னும் மாயக்கோட்டையின் முன் நின்றான். கோட்டை வாயிலில் வாசகம் ஒன்று ஒளிர்ந்தது: ‘நீங்கள் தனியாக இல்லை. உள்ளே நுழைய, நீங்கள் இயந்திரமல்ல என்று நிரூபிக்கவும்.’ ஒன்பது கட்டங்களில் ஒரு தெருவின் படம். அதில் போக்குவரத்து விளக்குள்ள கட்டங்களைத் தொடுக என்பது நிபந்தனை. ஏனையோர் இரண்டைத் தொட்டு உள்ளே போவர். நம் வேந்தனோ பூதக்கண்ணாடி கொண்டு வந்தான். விளக்குக் கம்பத்தின் விளிம்பு, மயிரிழை அளவுக்கு ஆறாம் கட்டத்துள் புகுந்திருப்பதைக் கண்டான். மயிரிழையைக் கண்டும் காணாதது போல் விடுவது ‘பரவாயில்லை’யின் பரம்பரைக்கே உரியது. ஆறையும் தொட்டான். தவறு என்றது கோட்டை. மறுபடம். மறு மயிரிழை. மறு தவறு. ஐந்தாம் முறை தோற்றபோது, தான் இயந்திரமாகவே இருக்கவும் கூடும் என்ற ஐயம் அவன் நெஞ்சில் முளைவிட்டது. இருந்தாலும் அது பழுதுபட்ட இயந்திரமாகத்தான் இருக்கும் என்று உடனே திருத்திக்கொண்டான்.

ஆறாம் முறை, கையில் பாத்திரத்தோடு அப்பக்கம் வந்த இல்லாள் ஈர விரலால் இரண்டு கட்டங்களைத் தட்டிவிட்டுப் போனாள். கோட்டைக் கதவு திறந்தது.

உள்ளே வினாப்படை அணிவகுத்து நின்றது. வினாக்கள் பத்து. முதலாவது, ‘நான் எதற்கும் உதவாதவன் என்று உணர்கிறேன்’ என்றது. அதன் கீழ் நான்கு விடைகள்: ஒருபோதும் இல்லை, சில வேளை, அடிக்கடி, எப்போதும். பிறர் கண்ணை மூடி ஒன்றைத் தொடுவர். நாயகன் கேட்டான்: சில வேளை என்றால் நூற்றுக்கு எத்தனை? தொழிற்சாலையில் நூற்றுக்கு இரண்டு வரை சில வேளை. ஐந்தைத் தாண்டினால் அடிக்கடி. அளவு தெரியாமல் விடை கூறுவது தர்மமன்று. ஆகவே வியாழக்கிழமை முழுதும் சட்டைப்பையில் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, தான் உதவாதவன் என்று தோன்றிய ஒவ்வொரு முறையும் பென்சிலால் ஒரு கோடு கிழித்தான். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை கோடுகள் அறுபத்து நான்கு. அவற்றுள் ஏழு, கோடு கிழிக்க மறந்துவிட்டோமே என்பதற்காக விழுந்தவை.

மாலையில் விடைகளை இட்டான். திரை முழுதும் வண்ணத் தாள்துண்டுகள் மழையாய்ச் சொரிந்தன. ‘பாராட்டுகள். நாற்பதுக்கு முப்பத்தெட்டு.’ பள்ளிப் பருவத்தில் எந்தத் தேர்விலும் எட்டாத சிகரம் அது. நாயகன் முகத்தில் நாணங்கலந்த ஒளி பரவியது.

“என்ன, சிரிப்பு?” என்றாள் இல்லாள்.

“முப்பத்தெட்டு வாங்கியிருக்கேன். நாப்பதுக்கு.”

“எதுல?”

அவன் எதில் என்று சொன்னான். சட்டைப்பைச் சீட்டையும் காட்டினான். அவள் அச்சீட்டை வாங்கி, கோடுகளை விரலால் தடவிப் பார்த்து, மடித்து, வேன் சாவிக்கொத்து தொங்கும் ஆணியில் செருகினாள்.  

அதன்பின் விரிந்தது சுயம்வர மண்டபம். அறுபத்திரண்டு ஆலோசகர்கள் அறுபத்திரண்டு சிறு சதுரங்களில் வரிசையாக வீற்றிருந்தனர். ஒருவர் நூலடுக்கின் முன் கைகட்டி நின்றார். ஒருத்தி தொட்டிச்செடிக்கு அருகில் தலைசாய்த்து முறுவலித்தாள். ஒருவர் கடற்கரையில், தென்றல் தாடியைக் கோத, தொலைவானம் நோக்கினார். ‘உங்கள் உள்ளொளியைக் கண்டடைவோம்’ என்றார் ஒருவர். ‘நான் தீர்ப்பளிக்க மாட்டேன்’ என்றாள் இன்னொருத்தி. தீர்ப்பு ஒன்றைத் தேடியே வந்த நாயகன் அதைப் படித்துப் பெருமூச்செறிந்தான். மாலை ஏந்திய மங்கையின் இடத்தில் நம் அண்ணல். மாலையின் இடத்தில் அவன் கட்டைவிரல்.

ஆயின் பதினாறாண்டு பழகிய கண் பரிசோதியாமல் விடுமா? நூலடுக்குக்காரரின் மேல்தட்டு இடப்பக்கம் இறங்கியிருந்தது: கழிவு. தொட்டிச்செடி நெகிழி: கழிவு. இருபத்தைந்தாண்டு அனுபவம் என்ற முகத்துக்கு வயது முப்பதுகூட இராது: கழிவு. முறுவல் வலக்கன்னத்தை மட்டும் எட்டியது, கண்ணாடியில் படம் எடுத்தவரின் தலை தெரிந்தது, பின்சுவர்ப் பூச்சில் கொப்புளம். விடியல் விண்மீன்போல் ஒவ்வொருவராய் மறைந்தார்கள். நாற்பது பேர் வீழ்ந்த களத்தில் இருபத்திரண்டு பேர் எஞ்சினர். அவர்களிடம் அப்பழுக்கில்லை. தட்டினால் ‘டிங்’ என்பார்கள் என்று திரைக்கு இப்பாலிருந்தே தெரிந்தது.

“முடிவு பண்ணியாச்சா?” என்றாள் இல்லாள்.

“இவங்கல்லாம் முதல் தரம். நமக்கெதுக்கு? வேற யாராவது உருப்படியான ஆளுக்குப் பயன்படுவாங்க.”

அவள் இடுப்பில் கைவைத்தாள். “நாப்பது பேரு சரியில்ல. இருபத்திரண்டு பேரு ரொம்ப சரியா இருக்காங்க. அப்ப யாருதான் வேணும் உங்களுக்கு?”

 வெட்கம் உந்த, வெள்ளிக்கிழமை காலை அவன் இருபத்திருவருள் ஒருவரை, கடற்கரைத் தாடியாரை, தேர்ந்து நேரம் குறித்தான். கூடவே செய்தி ஒன்றும் எழுதினான். எழுதாமல் இருந்திருந்தால் இக்காதை இங்கேயே முடிந்திருக்கும். ‘ஐயா, உங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும். என்னைவிடத் துன்பத்தில் இருப்பவர் எவரேனும் காத்திருந்தால் இந்த நேரத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.’ இமைப்பொழுதில் செயலியிலிருந்து ஓலை வந்தது: ‘தங்கள் விருப்பப்படி தங்கள் நேரம் வேறொருவருக்கு வழங்கப்பட்டது. தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.’ மருந்துக்கடை வாயிலில் மருந்தைத் தானம் செய்துவிட்டு இருமிக்கொண்டே திரும்பும் வள்ளல் ஒருவன் உண்டென்றால், அவன் நம் நாயகனின் குலத்தவன்.

மாலையில் இரண்டாம் முயற்சி. இம்முறை ஓர் அம்மையார். கொடையெல்லாம் கூடாதென்று உறுதி பூண்டு, ‘தொந்தரவு இல்லை என்றால் மட்டும்’ என்ற நான்கே சொற்களை எழுதினான். செயலி சிந்தித்தது. ‘தொந்தரவு இல்லையெனில் ஒன்றை அழுத்தவும். தொந்தரவு எனில் இரண்டை அழுத்தவும்.’ நாயகன் நேர்மையாளன். தன்னோடு நாற்பத்தொரு ஆண்டு வாழ்ந்து பார்த்தவன். இரண்டை அழுத்தினான்.

சனிக்கிழமை புலர்ந்தது, சனிக்கிழமைகளுக்கு உரிய அவசரத்தோடு நண்பகலும் ஆயிற்று. ஆலையில் அன்று விடுமுறை. அடுக்களை மேசையில் மடிக்கணினி திறந்திருக்க, அதில் புதிய படிவத்தின் மூன்று கட்டங்களும் மூன்று வெண்பற்கள்போல் அவனை நோக்கி இளித்தன. அரைநாள் பள்ளி முடித்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த இல்லாள், சாவியை ஆணியில் மாட்டப் போனவள், அங்கிருந்த சீட்டைக் கண்டு நின்றாள். திரும்பி வந்தாள்.

“என்ன ஆச்சு?”

“கிடைக்கல. ரெண்டு பேரும் ரத்தாயிட்டாங்க. அந்த நாற்காலி அவனுக்கே போகட்டும். பரவாயில்ல.”

அச்சொல் அவன் வாயினின்று வெளிப்பட்டதும் அலமாரிக் கோப்பைகள் நடுங்கின என்று எழுத ஆசைதான். வெளியே ஒரு லாரி போனதால் அவை மெய்யாகவே நடுங்கின.

“பரவாயில்லையா?” என்றாள் அவள். “அந்த ஆளு தலைவனா வந்தா, என் வேன்ல ஏறுற பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் எந்தக் கப்பு போகும்? போன மாசம் ஒண்ணு கையில கட்டோட வந்துச்சே, ஞாபகம் இருக்கா? சூடா ஹார்லிக்ஸ் குடிக்கும்போது பிடி கழண்டுடுச்சாம். உங்க மேசையில வந்த கப்பா அது?”

“இல்ல. நான் விட்டிருக்க மாட்டேன்.”

“அதைத்தான் சொல்றேன். சிக்னல் பச்சை விழுந்தாச்சு, பின்னாடி அத்தனை பேரும் ஹாரன் அடிக்கிறான். இன்னும் கியர் எதுன்னு யோசிச்சிட்டு நின்னா எப்படி?”

சொன்னவள் செல்பேசியைப் பறித்தாள். சதுரங்களை நோக்கவில்லை, முறுவல்களை அளக்கவில்லை. ‘இன்று மூன்று மணி, காலியாக உள்ளது’ என்ற ஒரே வரியைக் கண்டு அதன்மேல் கட்டைவிரலை ஊன்றினாள். செய்தி எழுதும் கட்டம் திறந்தது; அதை மூடினாள். “மூணு மணி. ஒண்ணும் எழுதக் கூடாது. எனக்கு ரெண்டாவது டிரிப் இருக்கு, ட்யூஷன் பிள்ளைங்க. மாடியில துணி காயுது, வானம் ஒரு மாதிரியா இருக்கு, பாத்துக்கோங்க.” போய்விட்டாள்.

மூன்றடிக்க, ஹெட்ஃபோன் என்னும் செவிக்கவசம் பூண்டு நாயகன் திரைமுன் அமர்ந்தான். மறுபக்கம் தோன்றியவர் ஐம்பதை ஒட்டிய ஓர் ஆலோசகர் அம்மையார். கூந்தலில் பென்சில் ஒன்று செருகியிருந்தது. பின்சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடியது. கழிக்கத்தக்க குறைகள் இரண்டு என்று கண் கணக்கெடுத்தது. அதற்குள் அவர், “சொல்லுங்க, கேக்குறேன்” என்றுவிட்டபடியால் முத்திரை விழவில்லை.

நாயகன் சொன்னான். செம்முத்திரை, செவ்விழிக் கதவு, அறுபத்து நான்கு கோடுகள், எல்லாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னும் பின்னும் மன்னிப்பு வைத்துக் கட்டிச் சொன்னான். முக்கால் மணி நேரம் கரைந்தது.

“உங்களுக்கு ஏன் அப்படித் தோணுது?” என்று கேட்டார் ஆலோசகர்.

“தெரியல மேடம். நான் அந்த வேலைக்குத் தேறுவேனா?”

“தேறலைன்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?”

“அதான் மேடம், தேறுவேனான்னு தெரிஞ்சா...”

“தேறணும்னு உங்களுக்குள்ள சொல்ற குரல் யாரோடது?”

வினாவை அம்பாய் எய்தால் வினாவே கேடயமாய் வருகிறது. கேடயத்தை வெட்டினால் அதனின்றும் இரண்டு வினாக்கள் பிறக்கின்றன. நாயகன் தளர்ந்தான். ஆலோசகர் அவனுக்குச் சற்று நேரம் தருவார்போல், அருகிலிருந்த கோப்பையை முன்னால் இழுத்து, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, சர்க்கரையிட்டு, கரண்டியால் கலக்கினார்.

டொக்.

உலகம் நின்றது. வேறெவர்க்கும் அது கரண்டி கோப்பையில் படும் ஓசை. விரிசலறி வேந்தனுக்கோ அது பகைமுரசம். பிடி உடலோடு சேரும் இடம், மேல்முனை, உள்விரிசல், கண்ணுக்குத் தெரியாதது. விரலிடை நீளம் இருக்கும். டொக், என்றது மறுபடி. கோப்பை நிரம்பிய கொதிதேநீர், ஆவி எழுகிறது. அதோ அவருடைய விரல்கள் பிடியை நோக்கி நகர்கின்றன.

அப்போது அவன் நெஞ்சக் குருதிக்களத்தில் இரு பெரும் படைகள் மோதின. ஒருபுறம் நாற்பத்தோராண்டுப் பணிவுப்படை: படித்தவரை இடைமறிப்பதா, முன்பின் அறியாத அம்மையார் கோப்பையைக் குறைகூறுவதா, கேட்டது பிழையாக இருந்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது, பேசாதிரு, பேசாதிரு என்று ஆயிரம் யானைகளாய்ப் பிளிறி வந்தது. மறுபுறம் ஒற்றை வீரன், ஒரேயொரு செவி. அதன் கையில் அரையடி மரக்கோல். யானைகள் பெருந்திரளாய் வந்தன. செவி விலகவில்லை. அது கேட்டது கேட்டதுதான். அதில் மட்டும் பதினாறாண்டில் ஒருநாளும் அதற்கு ஐயம் வந்ததில்லை.

“கப்பைத் தூக்காதீங்க.”

அவன் குரல் அவனுக்கே புதிதாக ஒலித்தது. மன்னிக்கவும் என்பது முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆலோசகரின் கை நின்றது. “என்னது?”

“பிடி சேர்ற இடத்துல விரிசல் மேடம். மேல் பக்கம். கீழயே இருக்கட்டும்.”

அவர் கோப்பையைச் சுற்றிப் பார்த்தார். விளக்கருகே குனிந்து பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு. ஒரு வருஷமா இதுலதான் குடிக்கிறேன்.”

“இன்னைக்கு வேணாம் மேடம். கண்ணுக்குத் தெரியாது. ஒரு கையால கப்பை அழுத்திப் பிடிச்சிட்டு, பிடியை மட்டும் லேசா இழுத்துப் பாருங்க.”

அவர் நம்பாமல்தான் இழுத்தார். முனகல்கூட இல்லாமல் பிடி தனியே கையோடு வந்தது. கோப்பை மேசையிலேயே நின்றது. சிறிது தேநீர் தளும்பி அவருடைய குறிப்பேட்டில், நாயகனைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை நனைத்தது. கையிலிருந்த பிடியையும், ஆவி எழும் கோப்பையையும், தன் மடியையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

“எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“சத்தம் மேடம். கரண்டி பட்டப்ப. எல்லாருக்கும் கேக்குமே.”

“எனக்குக் கேக்கல” என்றார் ஆலோசகர்.

  நாயகனுக்குப் பின்னால் அலமாரியில் கோணல் வாய்க் கோப்பைகள் வரிசையாய் நின்று கேட்டுக்கொண்டிருந்தன. ஆலோசகரின் பிந்திய கடிகாரம் நான்கைத் தொட்டது. அப்படியானால் இங்கே நான்கு கடந்து நான்கு நிமிடம்.

“மேடம், இதையே கடைசியாக் கேக்குறேன். நான் தேறுவேனா?”

கேள்விக்குக் கேள்வியே விடை என்று பயிற்றுவிக்கப்பட்டவர் அவர். அவருடைய உதடுகள் ‘உங்களுக்கு ஏன்’ என்று தொடங்கக் குவிந்ததை அவன் கண்டான். பின்னர் அவர் கையிலிருந்த பிடியை மேசையில் வைத்தார்.

“தேறுவீங்க. அந்த வேலைக்கு இன்னைக்கே தேறுவீங்க. விரிசல் எனக்குக் காதால தெரியும்னு முதல் கட்டத்துல எழுதுங்க, மத்த ரெண்டும் காலியாவே போகட்டும். உங்களை நீங்க நம்புறதுக்குத்தான் நாளாகும். அதுக்கு அடுத்த சனிக்கிழமை இதே மூணு மணிக்கு வாங்க, நேரத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க.”

அவன் சரி மேடம் என்று சொல்லி, ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிப் படிவத்தை நாலரைக்கு அனுப்பிவிட்டு, தூறல் போட்டதால் மாடிக்குப் போய்த் துணியை எடுத்து வந்தான்.